போர்முனையிலிருந்து திரும்பிய புகைப்படக்காரர்: வீட்டில் முதல் சில மாதங்களுக்கான கையேடு

போர்ப் படம் எடுப்பவருக்கு ஊர் திரும்பியதும் வேலை முடிவதில்லை. பார்த்ததையெல்லாம் மெமரி கார்டில் கொண்டுவந்திருப்பார். மறுநாளே அவற்றைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, தேர்ந்தெடுத்து, படவிளக்கம் எழுதி அனுப்ப வேண்டும். மனம் ஆற வேண்டிய வாரத்தில் அதே காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிற தொழில் இது. மனக்காயம் பற்றிய பொதுவான அறிவுரைகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அதனால் இங்கே படங்களை எப்படிக் கையாள்வது என்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ஒரு எண்ணை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டொரன்டோ பல்கலைக்கழக மனநல மருத்துவர் அந்தோனி ஃபைன்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் 140 போர்ச் செய்தியாளர்களை, போருக்குப் போகாத 107 செய்தியாளர்களோடு ஒப்பிட்டு 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போர்ச் செய்தியாளர்களில் 28.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பி.டி.எஸ்.டி. என்ற, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்காய நோய் இருந்தது. கடும் மனச்சோர்வு 21.4 சதவீதம் பேருக்கு. குடியும் அவர்களிடம் கூடுதல். ஆனால் மற்றவர்களைவிட அதிகமாக அவர்கள் சிகிச்சைக்குப் போகவில்லை. நம்மைக் கவலைப்பட வைப்பது இந்தக் கடைசி விவரம்தான்.

பத்தில் ஏழு பேருக்கு அந்த நோய் வரவில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும், கதவு அறைந்து சாத்தினால் தூக்கிவாரிப் போடுவதும் யாருக்கும் நடக்கும். பெரும்பாலோருக்குத் தானே தணியும். அதைத் தணிய விடாமல் செய்கிற காரியங்களைத் தவிர்ப்பதுதான் முதல் மாத வேலை.

இறங்கிய மூன்று நாள்

கேமரா பையும் குண்டு துளைக்காத உடுப்பும் படுக்கையறைக்குள் வரக்கூடாது. காரணம் வாசனை. புகை, டீசல், பிணவாடை மூன்றும் துணியிலும் வாரிலும் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. நடுராத்திரியில் ஒரு மூச்சு உள்ளே போனாலும் போதும், எல்லாம் கிளம்பிவிடும். கேமராவின் நைலான் வாரைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசி, நிழலில் காயப்போடுங்கள். உடுப்பிலிருந்து தகடுகளை உருவிவிட்டு மேலுறையை மட்டும் துவையுங்கள். தகடுகளை ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்கக்கூடாது. பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தைத் தாளை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடியுள்ள பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடலாம்.

உடம்பையும் இந்த நாட்களிலேயே பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டுவது ஒரு பெரிய தவறு. மலேரியா தடுப்புக்காக மெஃப்லோகுயின் மாத்திரை எடுத்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கொடுங்கனவு, பதற்றம், தலைசுற்றல் எல்லாம் அந்த மருந்தாலேயே வரலாம், நிறுத்திய பிறகும் சிலருக்கு நீடிக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. குண்டு வெடித்த இடத்துக்கு அருகில் இருந்தவருக்குத் தலைவலி, காதிரைச்சல், வெளிச்சக் கூச்சம், மறதி, எரிச்சல் இருந்தால் மூளை அதிர்வு என்று சந்தேகப்பட வேண்டும். இவற்றில் பல மனக்காயத்தின் அறிகுறிகள் போலவே தெரியும். நரம்பியல் மருத்துவரையும் காது மருத்துவரையும் பார்க்காமல் அதைப் பிரித்தறிய முடியாது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், திரும்பிச் சில மாதம் ஆகியிருந்தாலும், அன்றே ரத்தப் பரிசோதனை.

தூக்கத்துக்காகக் குடிக்காதீர்கள். மது சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால் பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், கனவுகள் அப்போது கூடும். மருந்துக்கடையில் தெரிந்தவரிடம் அல்பிரசோலமோ டயசெபமோ வாங்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு.

அலுவலகத்தில் "வந்து உட்கார்ந்து எல்லாத்தையும் கொட்டிடுங்க" என்று ஒரே அமர்வுக்கு அழைத்தால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல வைக்கும் அமர்வு பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை. அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்கிறது. நீங்களாக விரும்பி, உடன் வேலை செய்தவரிடம், விரும்பிய அளவு பேசுவது வேறு விஷயம். அதைத் தடுக்க வேண்டியதில்லை.

படங்களைக் கையாளும் முறை

முதல் நாள் நகல் மட்டும் எடுங்கள். மெமரி கார்டிலிருந்து இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றி, கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து மூடிவிடுங்கள். ஒரு டிஸ்க் நம்பிக்கையான வேறு வீட்டில் இருக்கட்டும். "சும்மா ஒரு பார்வை" என்று அன்று எதையும் திறக்க வேண்டாம்.

அடுத்து, படங்கள் நீங்கள் எதிர்பாராத நேரத்தில் முன்னால் வந்து நிற்கும் வழிகளை அடையுங்கள். கூகுள் போட்டோஸ் 'நினைவுகள்' என்று எதையாவது எடுத்துக் காட்டும். அந்தப் பயணத்தின் தேதிகளை அதன் அமைப்பில் போய் மறைத்துவிடலாம். ஐபோனிலும் இதே போன்ற வசதி உண்டு. கணினியின் ஸ்கிரீன் சேவர் படக் கோப்புறையிலிருந்து ஸ்லைடு ஷோ ஓட்டுகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். கள நண்பர்களின் குழுக்களில் வீடியோக்கள் வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு வருடம் கழித்து அதே தேதியில் சாப்பாட்டு மேசையில் போன் ஒளிர்ந்து ஒரு முகம் தெரிவதைத் தடுக்க, இப்போது செலவாகும் அரை மணி நேரம் பெரிதல்ல.

முதல் சலிப்பை, அதாவது படங்களைச் சலித்துத் தேர்ந்தெடுப்பதை, இன்னொருவர் செய்ய முடிந்தால் நல்லது. அது பட ஆசிரியராகவோ அனுபவமுள்ள சக புகைப்படக்காரராகவோ இருக்க வேண்டும், என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி அவர் சம்மதித்திருக்கவும் வேண்டும். மனைவியிடமோ தம்பியிடமோ ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்த பையனிடமோ தள்ளிவிடாதீர்கள். படத்தின் வழியாகவும் மனக்காயம் தொற்றும். தொழில் காரணமாகக் கோரமான காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் பி.டி.எஸ்.டி.க்கு வழிவகுக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு நோய்க் கையேடே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நீங்களே உட்காருவதானால் பகலில் உட்காருங்கள், படுக்கையறைக்கு வெளியே. லைட்ரூம் என்ற பட மென்பொருளில் படங்கள் சிறு கட்டங்களாகத் தெரியும் கிரிட் வியூவில் தொடங்கி, தேர்வு முழுவதையும் அந்த அளவிலேயே முடியுங்கள். கோரமான தொகுதிகளை முதலில் கருப்பு வெள்ளையாக மாற்றிவிட்டுப் பாருங்கள். ரத்தத்தின் நிறம் போய்விட்டால் தாக்கம் கணிசமாகக் குறையும், கட்டமைப்பும் குவியமும் சரியா என்பது அப்போதும் தெரியும். மூல ராக் கோப்பு அப்படியே இருக்கும் என்பதால் எதுவும் கெடாது. வீடியோ என்றால் ஒலியை முற்றிலும் அணைத்துவிடுங்கள். அலறல் சத்தம் காட்சியைவிட நீண்ட நாள் காதில் நிற்கும். ஒலி தேவைப்படும் துண்டை மட்டும் கடைசியில், ஒரே ஒரு முறை, குறைந்த ஒலியில் கேட்டால் போதும். கூர்மையைப் பார்க்க முழு அளவுக்குப் பெரிதாக்குவது இறுதித் தேர்வில் நிற்கும் படங்களுக்கு மட்டும். அப்போதும் கண்ணையும் முகத்தையும் விட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் அல்லது காலர் ஓரத்தில் பெரிதாக்கி குவியத்தைச் சோதிக்கலாம்.

40 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் எழுந்து வெளியே போய், தூரத்தில் இருக்கும் எதையாவது பார்த்து, கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதைவிட, வாரத்தில் இரண்டு நாளை ஒதுக்கி அன்று மட்டும் பார்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. செய்தி அறைகளில் வன்முறைக் காட்சிகளைக் கையாள்பவர்களைப் பற்றி ஃபைன்ஸ்டைன் 2014-ல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை அடிக்கடி பார்த்தார்கள் என்பதே அவர்களின் மனத்துயரோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது.

தொழில் தெரிந்தவர்களே தவறுகிற இடம் பர்ஸ்ட். ஒரே காட்சியை 20 ஃபிரேம் தொடர்ச்சியாக எடுத்திருப்பீர்கள். அதில் சிறந்த ஒன்றைத் தேடி முன்னும் பின்னும் ஓட்டும்போது ஒருவரின் மரணத்தை 20 முறை பார்க்கிறீர்கள், அதுவும் மெதுவாக. தம்ப்நெயிலிலேயே இரண்டைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவிடுங்கள். மூன்றாவது ஃபிரேமில் கை இன்னும் கொஞ்சம் நன்றாக விழுந்திருக்கலாம், பரவாயில்லை.

கோரமான படங்களுக்குச் சிவப்பு வண்ணக் குறி போட்டுத் தனிக் கோப்புறையில் வையுங்கள். கோப்புறையின் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு கல்யாணப் படம் கேட்டு நீங்கள் தேடும்போது தவறி அதற்குள் நுழையக்கூடாது. டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று ஓர் இரவு தோன்றும். அந்த இரவில் முடிவெடுக்காதீர்கள். போஸ்னியாவின் பியெலினாவில் 1992-ல் ரான் ஹவிவ் எடுத்த படங்கள் பின்னாளில் ஹேக் போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் சாட்சியமாயின. உங்களிடம் இருப்பதும் ஒரு குடும்பத்துக்கு அவர்கள் பிள்ளையின் கடைசித் தடயமாக இருக்கலாம். பார்க்க முடியவில்லை என்றால் டிஸ்க்கை வேறொருவர் பாதுகாப்பில் விடுங்கள். அழிப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவில் இந்த வழி இருக்கிறது.

'அந்தக் குழந்தையை ஏன் தூக்கவில்லை?' என்ற கேள்வி

பயத்தைவிட அதிகமாக இந்தத் தொழிலில் ஆளைத் தின்பது குற்ற உணர்வு. சூடானில் 1993-ல் பசியால் சுருண்டு கிடந்த குழந்தையையும் அருகே நின்ற பிணந்தின்னிக் கழுகையும் படமெடுத்த தென்னாப்பிரிக்கர் கெவின் கார்ட்டரிடம் உலகமே கேட்ட கேள்வி இது. 1994 ஏப்ரலில் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு அறிவித்தார்கள். சில நாளில் அவருடைய நண்பர் கென் ஊஸ்டர்புரூக் தோகோசாவில் சுடப்பட்டு இறந்தார். ஜூலையில் கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஒரு படம்தான் அவரைக் கொன்றது என்று இன்றும் பகிர்கிறார்கள், அது தவறு. பல ஆண்டு வன்முறை, நண்பரின் சாவு, பணக்கஷ்டம், போதை எல்லாம் சேர்ந்திருந்தன. பரிசு எதையும் ஆற்றாது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். படம் வெளியான முதல் இரண்டு வாரம் சமூக ஊடகக் கருத்துகளை மூடி வையுங்கள் அல்லது வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

குற்ற உணர்வைச் சோதித்துப் பார்க்கப் புகைப்படக்காரரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு கருவி இருக்கிறது: ஒவ்வொரு படத்திலும் பதிவாகும் எக்ஸிஃப் நேரம். "பத்து நிமிஷம் படம் எடுத்துக்கிட்டே நின்னேன்" என்று நினைவு சொல்லும். ஆனால் முதல் ஃபிரேம் 11:42:08, கடைசி ஃபிரேம் 11:42:51 என்றிருந்தால் நீங்கள் நின்றது 43 விநாடி. அகலமாக எடுத்த ஃபிரேமின் ஓரத்தில், உங்கள் நினைவில் இல்லாத ஒரு மருத்துவ உதவியாளர் ஏற்கெனவே குனிந்துகொண்டிருக்கலாம்.

செய்முறை இது. தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் நேரம், அடுத்ததில் அந்த நேரத்தில் படத்தில் உண்மையாகத் தெரிவது, மூன்றாவதில் அந்தக் கணத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் வைத்து என்ன செய்திருக்க முடியும் என்பது. பின்னால் தெரியவந்தது எதையும் மூன்றாவது பத்தியில் எழுதக்கூடாது. கேமரா கடிகாரம் தவறியிருக்கலாம் என்பதால், அதே இடத்தில் போனில் எடுத்த படத்தின் நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இதைத் தனியாக ராத்திரியில் செய்வது ஆபத்து. சிகிச்சையாளருடன், சில அமர்வு பழகிய பிறகு செய்ய வேண்டியது. ஏனென்றால் சில சமயம் எக்ஸிஃப் உங்களுக்கு எதிராகவும் பேசும். உண்மையிலேயே உதவியிருக்க முடிந்தது என்று தெரிய வந்தால், "இல்லை, உங்கள் தப்பில்லை" என்று யாராவது சமாதானம் சொல்வதால் பயனில்லை. அதை ஒப்புக்கொண்டு, அந்தக் குடும்பத்துக்கோ அந்த ஊருக்கோ இப்போது என்ன செய்ய முடியும் என்று யோசிப்பதுதான் வேலைக்காகும்.

தூக்கம், சத்தம்

திடீரென்று காட்சி கண்முன் ஓடத் தொடங்கினால் கண்ணை மூடாதீர்கள், மூடினால் அது இன்னும் தெளிவாகும். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, இன்றைய தேதியையும் இருக்கும் ஊரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அறையில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று பாருங்கள். உங்கள் கண்ணுக்குப் பழக்கமான வேலை என்பதால் கவனம் சீக்கிரம் நிகழ்காலத்துக்குத் திரும்பும். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம்.

ஒரே கொடுங்கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் அதை எழுதி, முடிவையோ நடுவில் ஏதாவது ஒன்றையோ உங்கள் விருப்பப்படி மாற்றி, மாற்றிய வடிவத்தை மட்டும் தினம் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். ஆகக் கொடிய கனவில் தொடங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள். நடுத்தரமான ஒன்றை எடுங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை நம் ஊரில் தப்பிக்க இடமில்லை. தீபாவளி, கோயில் திருவிழா வேட்டு, சாவு ஊர்வலத்தில் சரவெடி, இப்போது கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் பறக்கும் ட்ரோனும் சேர்ந்துகொண்டது. உக்ரைனிலோ காஸாவிலோ இருந்துவிட்டு வந்தவருக்கு அந்த இரைச்சலே போதும். முதல் வருட தீபாவளிக்கு வெடிச் சத்தம் குறைந்த இடம் ஒன்றைப் பார்த்துப் போய்விடுவதில் தவறில்லை. ஆனால் எல்லா விசேஷத்தையும் ஒவ்வொன்றாகத் தவிர்க்கத் தொடங்கினால் அது அறிகுறி. பயம் தவிர்ப்பில்தான் வளரும்.

எப்போது மருத்துவர், என்ன சிகிச்சை

ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வீட்டையோ பாதித்தால் போக வேண்டும். காட்சிகள் தானே வருவது, அவற்றை நினைவூட்டுவதைத் தவிர்ப்பது, எதிலும் ஒட்டாமல் மரத்துப்போவது, எந்நேரமும் விழிப்பாகவும் எரிச்சலாகவும் இருப்பது ஆகிய நான்கும்தான் மருத்துவர் தேடுவது. இவற்றில் மரத்துப்போவதைத்தான் புகைப்படக்காரர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். வியூஃபைண்டருக்குப் பின்னால் உணர்வை அணைத்து வைப்பது களத்தில் தேவையான பழக்கம். வீட்டுக்கு வந்தும் அது அணைந்தே கிடந்தால் "நான் நல்லாத்தான இருக்கேன்" என்று தோன்றும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மாதக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே உதவி தேட வேண்டும். தொலைபேசி உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மனஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸ் என்று இடங்கள் உண்டு. சிகிச்சையாளரிடம் முதல் நாளே கேளுங்கள்: மனக்காயத்துக்கென்று எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள், எத்தனை அமர்வு ஆகும்? "பேசிப் பேசிச் சரியாகும்" என்பது மட்டும் பதிலென்றால் வேறொருவரைப் பாருங்கள். நினைவை முறைப்படி எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை பொதுவாக 8 முதல் 15 அமர்வு. குற்ற உணர்வையும் பழியையும் எழுதி எழுதிச் சோதிக்கும் அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சை 12 அமர்வு. கண் அசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். இன்னொன்று. மூன்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. முதல் சில அமர்வுகளில் கனவும் பதற்றமும் கூடலாம், பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் தாண்டிவிடலாம்.

புகைப்படக்காரரின் காயம் ஒரே சம்பவமல்ல, பல ஆண்டு, பல ஊர். அதற்குப் பொருந்துவதாக நாங்கள் நினைப்பது கதையாடல் வெளிப்பாட்டுச் சிகிச்சை. தரையில் ஒரு கயிற்றை வாழ்க்கைக் கோடாக விரித்து, கொடிய நிகழ்வுக்குக் கல்லும் நல்லதற்குப் பூவும் வைத்து, பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வர, சிகிச்சையாளர் எழுதிவைப்பார். இலங்கையின் வடகிழக்கில் போராலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களே இதை நடத்தியிருக்கிறார்கள். நம் மொழியில் நடக்கக்கூடிய சிகிச்சைதான் இது.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் படமெடுத்தவர்களுக்கு 'வீடு திரும்புதல்' என்ற ஒன்றே இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீடே போர்க்களம், படத்தில் கிடப்பவர் பக்கத்துத் தெருக்காரர். அவர்களுக்கு மேலே சொன்ன கால அளவுகள் அப்படியே பொருந்தா. பாதுகாப்பு முதலில், சிகிச்சை பிறகு. தம் படங்கள் யாரையாவது காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு நோய் அல்ல, நியாயமான எச்சரிக்கை. அதைச் சிகிச்சையாளர் புரிந்துகொள்ள வேண்டும்.

மருந்தில் செர்ட்ரலின், பராக்ஸெடின் போன்றவை முதல் தேர்வு. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கை லேசாக நடுங்கலாம், அது ஷட்டர் வேகம் குறைந்த படங்களில் தெரியும். பயந்து நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும்.

வீட்டில் இருப்பவர்கள்

தூக்கத்தில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விளக்கைப் போடுங்கள். "அங்க என்னதான் பாத்தீங்க?" என்று துருவாமல், "சாப்பிட்டாச்சா, மாத்திரை இருக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். படம் காட்டச் சொல்லி வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே சமாளிக்க வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். சித்தப்பாவாக இருந்தாலும் சரி.

மறுபடி போவது

அடுத்த அழைப்பு சீக்கிரம் வரும், போகவும் தோன்றும். அங்கே இருக்கும்போதுதான் தெளிவாக இருக்கிறேன் என்று தோன்றுவது குணமான அறிகுறி அல்ல. தொடர்ந்து நான்கு வாரம் மாத்திரையோ மதுவோ இல்லாமல் தூங்க முடிகிறதா, சிவப்புக் குறிக் கோப்புறையைத் திறந்து தேவையான ஒரு படத்தை எடுத்து மூடிவிட முடிகிறதா, வீட்டில் இருப்பவர் "இப்ப பழைய ஆளா இருக்கீங்க" என்கிறாரா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்று வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள் என்பது எங்கள் அளவுகோல். மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி. நடுவில் பிழைப்புக்கு மெதுவான வேலைகளை எடுங்கள்: நிலக்காட்சி, கட்டடம், உணவு. வியட்நாமையும் பியாஃப்ராவையும் படமெடுத்த டான் மெக்கல்லின் பிற்காலத்தில் இங்கிலாந்தின் சாமர்செட் வயல்வெளிகளை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தம் பேசும்போது மூன்றை எழுத்தில் கேளுங்கள்: திரும்பிய பிறகு ஊதியத்துடன் எத்தனை நாள் ஓய்வு, முதல் சலிப்பை அலுவலகப் பட மேசையில் இருப்பவர் செய்வாரா, சிகிச்சைச் செலவு யாருடையது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, காப்பீட்டு நிறுவனங்கள் மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும். ஆனால் பல பாலிசிகள் புறநோயாளிச் செலவைத் தருவதில்லை, வாரா வாரம் நடக்கும் அமர்வு அதில்தான் வரும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாத சுயாதீனப் புகைப்படக்காரர்கள் நெருக்கடி உதவிக்கு லண்டனின் ரோரி பெக் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். செய்தியாளர்களின் மனக்காயம் பற்றிய டார்ட் மையத்தின் வழிகாட்டிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பட ஆசிரியரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டே புறப்படுங்கள்.